தகரப்பெட்டிக் கடிதங்களும் தாலுகா ஆபீஸ் பதிவேடுகளும்: குடும்ப வரலாறு தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் அப்பத்தா இறந்து கருமாதி முடிந்த பிறகு அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் 43 கடிதங்கள். எல்லாம் மலாயாவிலிருந்து, கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த அவருடைய தம்பி எழுதியவை. முதல் கடிதம் 1934, கடைசிக் கடிதம் 1961. அதற்கு அப்புறம் அவர் என்ன ஆனார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் அவரை மலாயாத் தாத்தா என்றுதான் சொல்வோம்.

ஆறு வருடமாக அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு தேடி வருகிறேன். எங்கள் ஊர் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருப்பதால் என் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவை. இதே வேலையில் இறங்கியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? நேராக ஆர்கைவ்ஸுக்குப் போகலாமா?

வேண்டாம். முதலில் உயிரோடு இருக்கும் பெரியவர்கள், அதிலும் பெண்கள். ஆண்கள் தங்கள் பங்காளி வரிசையை மட்டும் சொல்வார்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு, கொடுத்த வீடு, எடுத்த வீடு எல்லாம் மனதில் வைத்திருப்பது ஆச்சிகளும் அத்தைகளும்தான். "நம்ம குடும்ப வரலாற்றைச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தைச் சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். "உங்க கல்யாணத்துக்கு யார் வரலை, ஏன் வரலை" என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

எனக்கு அதைவிட அதிகம் கிடைத்தது கேதத்தைப் பற்றிக் கேட்டபோது. ஒரு சாவு வீட்டில் யார் கொள்ளி வைத்தது, யார் நீர்மாலை எடுத்தது, யார் கோடி (பிறந்த வீட்டுப் புதுத்துணி) போட்டது என்பதெல்லாம் உறவு முறைப்படி நடக்கிற காரியங்கள். கோடி கொண்டுவந்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் இறந்த பெண்ணின் பிறந்த வீடு எந்த ஊர் என்பது தெரிந்துவிடும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தகவல் இது. பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.

கடிதங்களை எப்படிப் பாதுகாப்பது?

முதல் வேலை, போகிக்கு முன்னால் வீட்டில் சொல்லிவைப்பது. இதை மனசாரச் சொல்கிறேன். நம் ஊரில் கரையானைவிடப் போகி அதிகக் கடிதங்களைத் தின்றிருக்கிறது.

அப்புறம், எதையும் லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் பென்சிலால் சிறியதாக ஓர் எண் போட்டு, உறையையும் கடிதத்தையும் பிரிக்காமல் வைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்தால் போதும். உறையைத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய. ஊர்ப் பெயர், கேர் ஆஃப் முகவரி, தபால் முத்திரை எல்லாம் உறையில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரோ ஒரு பையன் தபால்தலை சேர்ப்பதற்காக 11 உறைகளில் மூலையைக் கத்தரித்து எடுத்திருந்தான், தலையோடு முத்திரையும் தேதியும் போய்விட்டன.

தேதி இருக்கிற இடத்தில் ஏதோ சுழி சுழியாக இருக்கிறது. எப்படிப் படிப்பது?

தமிழ் வருடம், தமிழ் மாதம், தமிழ் எண். அவ்வளவுதான், பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய். எண்களில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் க, உ, ங, ச, எ, அ என்ற எழுத்துகளைப் போலவே ௧, ௨, ௩, ௪, ௭, ௮ இருக்கும். கடிதத்தின் உச்சியில் தனியாக உ என்று இருந்தால் அது பிள்ளையார் சுழி, இரண்டு அல்ல. ௰ பத்து, ௱ நூறு.

எங்கள் கடிதக் கட்டில் ஒரு கடிதம் "வெகுதானிய ௵ ஆவணி ௴ ௰௨ ௳" என்று தொடங்குகிறது. வெகுதானிய வருடம் 1938 சித்திரையில் தொடங்கியது, ஆவணி 12 என்றால் 1938 ஆகஸ்ட் கடைசி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே வெகுதானிய வருடத்தின் மாசி மாதம் என்றால் அது 1939 பிப்ரவரி. தை முதல் பங்குனி வரை எழுதிய கடிதங்களுக்கு ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட மறந்து, கடிதங்களின் வரிசையையே குழப்பிக்கொண்டவர்கள் பலர். இன்னொன்று, 60 வருடத்துக்கு ஒருமுறை பெயர் திரும்ப வரும். பவ வருடம் 1874-லும் வந்தது, 1934-லும் வந்தது. கடிதத்தில் பேசப்படும் ஆட்களை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள்.

நிலப் பதிவேடுகளில் பசலி ஆண்டு இருக்கும், 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1348 என்றால் 1938 ஜூலை முதல் 1939 ஜூன் வரை. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கம் கொல்லம் ஆண்டு புழங்கியது, அதற்கு 825 கூட்டினால் கிட்டத்தட்ட வரும்.

தேதியே போடாத கடிதங்களை என்ன செய்வது?

சுற்றி இருப்பதைப் பாருங்கள். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. இந்தியத் தபால்தலையில் "நயா பைசா" என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு. மலாயாத் தலையின் மேல் பி.எம்.ஏ. என்று அச்சுக்குத்தி இருந்தால் ஜப்பான்காரன் போய் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்த 1945-ஐ ஒட்டிய காலம், அந்தத் தலைகள் 1948 வரை புழக்கத்தில் இருந்தன. "மதராஸ் ஸ்டேட்" என்று முகவரி எழுதியிருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முன், ஆனால் பழக்கதோஷத்தில் பல வருடம் அப்படியே எழுதியவர்களும் உண்டு, அதை மட்டும் நம்ப வேண்டாம். காகிதம், மை, கையெழுத்து மூன்றையும் தேதியுள்ள கடிதங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்படியே எங்கள் கட்டில் தேதியில்லாத ஒன்பதில் ஏழுக்கு ஆண்டு பிடித்துவிட்டேன்.

எல்லாக் கடிதத்திலும் "இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்றுதான் இருக்கிறது. இதில் என்ன வரலாறு கிடைக்கும்?

ஆரம்பத்தில் எனக்கும் இதே ஏமாற்றம். 43 கடிதம், பாதிக்கு மேல் ஒரே வாசகம். பிறகுதான் புரிந்தது, இவை அவர் கைப்பட எழுதியவையே அல்ல. தோட்டத்தில் எழுதப்படிக்கத் தெரிந்த கிராணியோ (கணக்கர்), ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி வீட்டுப் பையனோ, தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியாரோ எழுதிக்கொடுத்தது. இங்கே தபால்காரர் வாசித்துக் காட்டியது. அந்நியர் கையால் எழுதி அந்நியர் வாயால் படிக்கப்படும் கடிதத்தில் மனதில் இருப்பதை யார் சொல்வார்கள்? அதனால் கையெழுத்து மாறும் இடங்களைக் குறித்துவையுங்கள். கையெழுத்து மாறினால் எழுதிக்கொடுப்பவர் போயிருக்கலாம், இல்லையென்றால் தோட்டமே மாறியிருக்கலாம். எங்கள் தாத்தா 1937-ல் தோட்டம் மாறியதை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

கடிதத்தின் நடுப்பகுதியைவிடக் கடைசிப் பகுதியை ஊன்றிப் படியுங்கள். "பெரிய அத்தை, சின்ன அத்தை, மேலவீட்டு அண்ணன், கல்லலில் இருக்கும் மாப்பிள்ளை இவர்களை விசாரித்ததாகச் சொல்லவும்" என்று போகும் அந்த வரி ஓர் உறவுப் பட்டியல். வயசு வரிசையில், முறை வரிசையில் எழுதுவார்கள். ஒரு வருடத்தில் இருந்த பெயர் அடுத்த வருடத்தில் இல்லையென்றால் அந்த ஆள் இறந்திருக்கலாம், பேச்சுவார்த்தை நின்றிருக்கலாம். புதிதாக "குழந்தை" என்று ஒன்று சேர்ந்தால் ஒரு பிறப்பு. நான் 43 கடிதத்தின் விசாரிப்பு வரிகளை மட்டும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ஆறு மாதத்தில் கிடைக்காதது அந்த ஒரு நாளில் கிடைத்தது.

மணியார்டர் கூப்பன் இருந்தால் விடாதீர்கள். பாரத்தின் அடியில் கிழித்துக் கொடுத்த அந்தச் சின்னத் துண்டில் தொகையும் இரண்டு வரிச் செய்தியும் இருக்கும். "கீழச்செய்க்கு" (செய் என்றால் வயல்) என்று எங்களிடம் ஒரு கூப்பனில் இருந்த ஒரே வார்த்தைதான் பிறகு எங்களைப் பத்திரப்பதிவு அலுவலகம் வரை கூட்டிப்போனது.

"மாமா" என்று எழுதியிருக்கிறார். எந்த மாமா?

தாய்மாமனாக இருக்கலாம், அத்தை வீட்டுக்காரராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம். அக்கா மகளைக் கட்டிய குடும்பம் என்றால் ஒரே ஆள் இரண்டு முறையிலும் வருவார். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் ஒரு கோட்டு மரம் வரைந்தால் கிளைகள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். குடும்ப மரம் வரையும் செயலிகள் இங்கேதான் திணறும். ஒரு பெரிய சார்ட் காகிதத்தில் பங்காளிகளை ஒரு நிறத்திலும் மாமன் மச்சான் வழியை இன்னொரு நிறத்திலும் எழுதுவது நல்லது. "தம்பி" என்ற விளியை நம்பாதீர்கள், மகனையும் தம்பி என்று கூப்பிடும் வீடுகள் நம்மிடம் ஏராளம்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் ஒரு வகையில் உதவி, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும்போது நடுவில் விட்டுப்போன ஆளின் அப்பா பெயரை ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை ஊகம் என்றே பென்சிலில் எழுதுங்கள், பேனாவில் வேண்டாம். இதே வழக்கத்தால் நான் வழுக்கிய கதையைப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளூர்ப் பதிவேடுகள் என்றால் எவை? எங்கே கேட்பது?

நிலம் இருந்த குடும்பம் என்றால் நிலத்திலிருந்து தொடங்குங்கள். பட்டா, சிட்டா, "அ" பதிவேடு இன்றைக்கு அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே பார்க்கலாம், ஆனால் அதில் இருப்பது இன்றைய பட்டாதாரர் பெயர். பழைய பெயர் வேண்டுமென்றால் நிலவரித் திட்டப் பதிவேடு, அதாவது பேச்சுவழக்கில் செட்டில்மெண்ட் ரெஜிஸ்தர், அதற்குப் போக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பிரதி இருந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் தாலுகா அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் ஆவண அறை, கடைசியாக எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது சில ஊர்களில் கணக்குகள் ஒழுங்காகக் கைமாறவில்லை. பழைய கர்ணம் குடும்பத்து வீட்டுப் பரணில் இன்னும் சில கட்டுகள் கிடக்கின்றன, போய் மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூர், திருச்சியில் ரயத்துவாரி முறைப்படி அரசாங்கமே குடியானவர் பெயரை எழுதிவைத்த காலத்தில் நம் ஊர்களில் பெரும்பாலானவை ஜமீன் கிராமங்கள். 1948-ஆம் வருடத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே அரசு சர்வே, செட்டில்மெண்ட் எல்லாம் வந்தது. அதனால் 1920-ஆம் ஆண்டுச் செட்டில்மெண்டைத் தேடி மாதக்கணக்கில் அலையாதீர்கள், அந்த ஊருக்கு அப்படி ஒன்று இருந்திருக்காது. அந்தக் காலத்துக்குச் சமஸ்தானக் கணக்குகளும் பத்திரங்களும்தான் கதி.

பத்திரங்கள்தான் என் கணிப்பில் எல்லாவற்றிலும் சிறந்த புதையல். இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் பெரும்பாலும் 1975-க்குப் பிறகு உள்ளதுதான் வரும், அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். அங்கே பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என்று இரண்டு உண்டு, ஊர்ப் பெயரும் சுமாரான ஆண்டும் தெரிந்தால் போதும். அந்த "கீழச்செய்" கூப்பனையும் 1938 ஆவணிக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு 1938, 1939 இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் தேடச் சொன்னேன். மூன்றாவது முறை போனபோது கிடைத்தது. 175 ரூபாய்க்குக் கிரயம். வாங்கியவர் பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயர், ஊர், "தற்சமயம் மலாயா கெடாவில் வசித்து வரும்" என்ற வாசகம். அவர் சார்பில் கைநாட்டு வைத்தது அப்பத்தாவின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் ஐயா. நான்கு எல்லை எழுதும் இடத்தில் வடக்கே இன்னார் செய், கிழக்கே இன்னார் செய் என்று வருகிறதே, அதில் மூன்று பேர் பங்காளிகள். ஒரு பக்கப் பத்திரத்தில் இரண்டு தலைமுறை கிடைத்தது. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது, அது கிட்டத்தட்ட ஒரு வம்சாவளியேதான்.

ஊர் எந்த மாவட்டம் என்பதே குழப்பமாக இருக்கிறதே?

ஊர் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது. எங்கள் ஊர் 1910-க்கு முன் மதுரை ஜில்லா, பிறகு ராமநாதபுரம் ஜில்லா, 1985-லிருந்து இன்றைய சிவகங்கை. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், பிறகு திருச்சியோடு சேர்ந்தது, 1974-ல் தனி மாவட்டம். பழைய ஆவணத்தைப் பழைய ஜில்லாவின் பெயரில் தேட வேண்டும். புதூர், புதுப்பட்டி, நடுவூர் போன்ற பெயர்கள் தாலுகாவுக்குப் பத்து இருக்கும், ஆகவே ஊரோடு பிர்க்கா (தாலுகாவின் உட்பிரிவு), தபால் ஆபீஸ், பக்கத்து ஊர்ச் சந்தை மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு, இறப்புச் சான்று கிடைக்குமா?

மதராஸ் மாகாணத்தில் 1899-லேயே பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்துவிட்டது, கிராமங்களில் முன்சீப்புதான் எழுதினார். எழுதியது எல்லாம் இருக்காது, இருப்பது எல்லாம் சரியாகவும் இருக்காது. பிறப்பில் குழந்தையின் பெயர் இல்லாமல் "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும், தகப்பன் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இறப்புப் பதிவு அதைவிடப் பயனுள்ளது, வயது, காரணம், ஊர் மூன்றும் இருக்கும். தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் இரண்டிலும் கேளுங்கள். ஓர் அலுவலகத்தில் "அந்த வருஷத்துப் புத்தகமே இல்லை" என்று வாய்மொழியாக அனுப்பிவிட்டார்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதிப் போட்டேன், புத்தகம் இருந்தது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுப் பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். ஜூன் மாதம் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் போட்டு எழுதிய தேதி அது. ஜாதகம் இருந்தால் அதுதான் நம்பகம்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய், தகப்பன், ஞானப் பெற்றோர் எல்லாரும் இருப்பார்கள், பல இடங்களில் 100 வருடத்துக்கு மேல் தொடர்ச்சியாக. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு) உண்டு. பழைய கடிதங்கள் அரபுத்தமிழில் இருந்தால் ஊரில் ஓதிக்கொடுக்கும் பெரியவரிடம் காட்டுங்கள், எழுத்துதான் அரபு, மொழி நம்முடையது. நகரத்தார்களுக்கு ஒன்பது நகரக் கோயில்களின் புள்ளிக் கணக்கும் (குடும்பங்களின் பதிவு), கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானமும் இருக்கின்றன.

அரசாங்கப் பதிவைத் தவிர வேறு ஏதாவது?

மொய் நோட்டு! தயவுசெய்து மொய் நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஊர், பெயர், தகப்பன் பெயர், தொகை, எல்லாம் ஒரே இடத்தில், அதுவும் ஒரு குறிப்பிட்ட நாளில் உயிரோடு இருந்தவர்கள் மட்டும். எங்கள் வீட்டில் 1952-ஆம் வருடத்துக் காதுகுத்து மொய் நோட்டு ஒன்றில் தாய்மாமன் சீர் என்ற இடத்தில் மலாயாத் தாத்தாவின் பெயர் எழுதி, "மணியார்டர் மூலம்" என்று பக்கத்தில் குறித்திருக்கிறார்கள்.

குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டும் அப்படித்தான். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு என்பதால், ஒரு பெயர் முதன்முதலாக வரும் வருடம் அவருக்குக் கல்யாணமான வருடத்தை ஒட்டி இருக்கும். வெளியூர் போனவர்கள் பெயரிலும் பங்காளிகள் வரி கட்டுவார்கள்.

கோயிலுக்குள் போனால் சாமி கும்பிட்ட கையோடு படிக்கட்டு, தூண், குத்துவிளக்கு, மணி எல்லாவற்றிலும் "உபயம்" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள். பர்மா, மலாயா, கொழும்பு என்று கல்லிலேயே பொறித்திருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்து தெரியும், சுரண்டக் கூடாது.

எங்கள் குடும்பத்துக்கு நிலமே கிடையாது. பட்டா, பத்திரம் என்று சொன்னால் எங்களுக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை எனக்கு அனுப்பிய தோழர் பண்ணையாள் குடும்பத்திலிருந்து வந்தவர். நிலப் பதிவேடு என்பது நிலம் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டவர்களின் பதிவேடு, அதில் அவருடைய பாட்டன் இல்லாதது அவர் குடும்பத்தின் குறையே அல்ல.

ஆனால் வேறு இடங்களில் இருக்கிறார்கள். 1892 அரசாணையின் பேரில் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் இருந்ததா என்று பாருங்கள், அந்தப் பதிவில் முதல் ஒப்படைதாரர் பெயர் இருக்கும். மிஷன் பள்ளி, மிஷன் கோயில் பதிவேடுகளைப் பாருங்கள். கடல் தாண்டிய கிளை இருந்தால் அங்கே இன்னும் விவரமாகக் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் போனார்கள், மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் இருக்கும் தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். பிஜிக்கு 1903-லிருந்து சென்னை வழியாகப் போனவர்களுக்கும் இதே மாதிரி பாஸ் உண்டு. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவுகளோடு புகைப்படங்களும் இருக்கின்றன. இங்கே ஊர்க்கணக்கில் பெயரே எழுதப்படாத மனிதரின் முகம் அங்கே ஒரு பதிவேட்டில் ஒட்டியிருக்கலாம்.

மலாயாவுக்குப் போனவருக்கும் அப்படி ஒரு கப்பல் பட்டியல் இருக்குமா?

அந்த அளவுக்கு இருக்காது, அதுதான் வருத்தம். நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தம், ஆளுக்கொரு பாஸ். மலாயாவுக்கு 20-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் கங்காணி ஊருக்கு வந்து தன் சொந்தபந்தங்களைக் கூட்டிப்போனார். ஆகவே ஆளைத் தேடாமல் கங்காணியைத் தேடுங்கள். ஒரே கங்காணி பின்னால் ஒரே ஊர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தால் உங்கள் ஊரில் வேறு யார் வீட்டில் அதே தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது என்று விசாரியுங்கள். தோட்டத்துக்குத் தமிழர்கள் வைத்த பெயர் ஒன்று, கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும், இரண்டும் வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயில்காரர்களைத் தொடர்புகொள்வது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. தோட்டம் விற்றுப்போய் வீடுகளான பிறகும் கோயில் பெரும்பாலும் நிற்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு, மரண அறிவித்தல்களைத் தேடிப் பாருங்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான் இறங்கியதிலிருந்து 1945 செப்டம்பர் வரை அங்கிருந்து இங்கே கடிதப் போக்குவரத்து நின்றுபோனது. அந்த நாலு வருட இடைவெளி ஏறக்குறைய எல்லாக் குடும்பக் கட்டுகளிலும் இருக்கும். பிறகும் கடிதம் வரவில்லையென்றால் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டாரா என்று கேட்க வேண்டியிருக்கும். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை அங்கே கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை, பெயர் எழுதிய கல்லறையும் இல்லை.

நாங்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். எங்களுக்கு எது உதவும்?

1964 அக்டோபர் 30 சிறீமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது, மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களிடம் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். தோட்டம், பிறந்த இடம், சார்ந்தவர்கள் பெயர் எல்லாம் அதில் உண்டு. இந்தியப் பக்கத்துப் பூர்வீக ஊரைத் தேட, 1949 சட்டத்தின் கீழ் தாத்தா இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த காகிதம் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள், எப்போது வந்தோம் என்பதை நிரூபிக்க அதில் நிறையச் சேர்த்திருப்பார்கள். தோட்டத்துச் செக்ரோல் (வேலையாள் பெயர்ப் பதிவு), பிள்ளைப் பேறு அட்டை இவையும் உதவும்.

கேட்கப் போனால் உறவினர்கள் "நிலத்துக்கு வர்றியா?" என்று பார்க்கிறார்கள்.

நியாயமான பயம்தான். பட்டா நகல் கேட்டு ஒருவன் வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் போகும் வீடுகளில் முதலில் கடிதத்தின் படத்தைக் கையில் கொடுத்துவிடுவேன், அவர்கள் அப்பா பெயர் வரும் வரியைக் காட்டுவேன். நில நகல் கேட்கும் வேலையைக் கடைசியில், அவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு செய்வேன்.

அக்கரையில் இன்னொரு குடும்பம் இருந்த கதைகள் கண்டிப்பாக வரும். இங்கே மனைவி காத்திருக்க அங்கே ஒருத்தி, இரண்டு பக்கமும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் யாராவது உயிரோடு இருந்தால், அவர்களிடம் சொல்லாமல் யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால்?

இரண்டு வருடம் நான் தப்பான ஆளைத் தேடினேன். எங்கள் தாத்தாவின் பெயரிலேயே பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார், இரண்டு பேருக்கும் ஒரே தாத்தாவின் பெயர். அவரும் மலாயா. அவர் பினாங்கில் இறந்த செய்தி கிடைத்ததும் எங்கள் தாத்தா என்று முடிவு கட்டி வீட்டில் சொல்லிவிட்டேன், அப்பா அன்றைக்குத் தலை முழுகினார். பிறகுதான் அந்த 1938 பத்திரத்தில் தகப்பனார் பெயர் வேறு என்று தெரிந்தது. அப்பாவிடம் போய் மாற்றிச் சொன்ன நாள் இன்றைக்கும் மறக்கவில்லை. பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது. தகப்பன் பெயர், ஊர், வீட்டுப் பட்டப்பெயர் இந்த மூன்றும் ஒத்துப்போகும் வரை வாயைத் திறக்காதீர்கள்.

கடைசியில் உங்கள் தாத்தாவைக் கண்டுபிடித்தீர்களா?

அவரை இல்லை, அவர் பேத்தியை. எங்கள் குலதெய்வக் கோயில் மடைப்பள்ளிக் கதவுநிலையில் 1958-ஆம் வருடத்து உபயக் கல் ஒன்று இருக்கிறது, அதில் தாத்தாவின் பெயருக்குக் கீழே "மகன்" என்று எங்களுக்குத் தெரியாத ஒரு பெயர். தோட்டத்துக் கோயில்காரர்கள் அந்தப் பெயரை வைத்துச் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அவர் மகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். தாத்தா 1962-ல் இறந்திருக்கிறார். அவர் வைத்திருந்த டின்னில் அப்பத்தா இங்கிருந்து அனுப்பிய 17 கடிதங்கள் இருந்தன.

எங்களிடம் இருக்கும் கட்டில் யுத்தத்துக்குப் பிந்திய முதல் கடிதம் விய வருடம் சித்திரை மாதத்தது, 1946. "அம்மா இறந்துபோனதை ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன், எந்த வருடம், எந்த மாதம், என்ன திதி என்று எழுதவும், இந்த வருடமாவது செய்ய வேண்டும்" என்று தாத்தா கேட்டிருக்கிறார். பதில் என்னவென்று எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. போன மாதம் பேத்தி படம் எடுத்து அனுப்பிய கடிதங்களில் நாலாவது அதுதான்: சுபானு வருடம், மாசி மாதம், தேய்பிறை சப்தமி. தாலுகா அலுவலகத்து இறப்புப் புத்தகத்தில் நான் முன்பே நகல் எடுத்துவைத்திருந்த தேதி 1944 பிப்ரவரி 16. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தோம், சரியாக இருந்தது. வருகிற மாசியில் திதி கொடுக்கப் பேத்தி ஊருக்கு வருகிறார்.